வீடியோ கேம் வெளியிட்ட டிஎச்க்யூ கம்பெனி ஏன் மூடிச்சு? கேம் சென்டர்ல வெளையாண்டவங்க வாங்க, பேசுவோம்

குழித்துறை_பாலம்:

மக்களே எல்லாருக்கும் வணக்கம். போன வாரம் எனக்க பழைய கட ரூமு காலி பண்ண போனேன், மார்த்தாண்டத்துல 2004ல தொறந்து 2010 வரைக்கும் நடத்துன கேம் சென்டரு, ரெண்டு பிஎஸ்2 கேம் பெட்டி, மூணு கம்ப்யூட்டரு, மணிக்கு 20 ரூவா, ஸ்கூல் விட்ட ஒடனே பயலுவ யூனிபார்மோட வந்து செருப்ப கழத்தி போட்டா வாசல் நெறஞ்சிரும். தட்டுல ஏறி பாத்தா ஒரு பிஸ்கட் டின்னு, உள்ள 8 எம்பி மெமரி கார்டு ஒண்ணு, கூட ஸ்மாக்டவுன் ஹியர் கம்ஸ் த பெயின்னு மல்யுத்த கேம் டிஸ்க்கு, எனக்க மாமா சார்ஜாலேந்து கொண்டு வந்தது. டிஸ்க்க திருப்பி லைட்டுக்கு நேரா பிடிச்சா வட்டம் வட்டமா கீறலு, ஒரு ஓரத்துல மட்டும் மங்கலா வெள்ளப் படலம், பல்லு தேய்க்குத பேஸ்ட்ட போட்டு பனியன் துணியால தேச்சு தேச்சு வந்தது அது. அண்டர்டேக்கர் உள்ள வரும்போ கரெக்டா நிக்கும், பயலுவ ஓன்னு கத்துவானுவ, நான் எந்திச்சு போயி டிஸ்க்க எடுத்து தேச்சு குடுப்பேன், அந்த நேரத்த கணக்குல பிடிக்க மாட்டேன்.

அப்போதான் பாத்தேன், டிஸ்க்குல டிஎச்க்யூன்னு போட்டிருக்கு. கம்ப்யூட்டர்ல பயலுவ சாவாம சாவுத பைக் ரேஸு மோட்டோ ஜிபி 2, அதுவும் அவனுவ வெளியிட்டதுதான். மோதிக் கெடந்தது எல்லாம் ஒரே கம்பெனிக்க சரக்கு, எனக்கு ஆறு வருசம் சோறு போட்ட கம்பெனி, அது செத்து இத்தன வருசம் ஆவுது, ஒரு நாளு உக்காந்து யோசிச்சதில்ல. அதான் பத்து நாளா கிட்டினதெல்லாம் படிச்சுட்டு எழுதுதேன்.

ஜாக் ப்ரீட்மேன்னு ஒரு ஆளு, பொம்ம யாவாரி. பண்டு எல்ஜேஎன்னு ஒரு பொம்ம கம்பெனி வச்சிருந்தாரு, அத வித்துட்டு 1990 வாக்குல கலிபோர்னியால தொடங்குனதுதான் இது. டாய் ஹெட்குவார்ட்டர்ஸ், அதுக்க சுருக்கம்தான் டிஎச்க்யூ. பேர பாத்தாலே தெரியுது பாத்தியளா, பொம்மக் கட. மொத மொதல்ல படம் ஓடுனா அந்தப் படத்துக்க பேர்ல கேம்மு, ஹோம் அலோன்னு ஒரு படம் வந்துதுல்லா, அதுக்க கேம்ம இவனுவதான் போட்டானுவ. சொந்தமா ஒரு கதயும் கெடயாது. 1995ல ப்ரையன் பேரல்னு கணக்கு வழக்கு பாத்த ஆளு தலைமைக்கு வந்தாரு, அவரு கடசி வரைக்கும் இருந்தாரு. ப்ரீட்மேன் அந்த வருசமே போயி ஜாக்ஸ் பசிபிக்னு அடுத்த பொம்மக் கம்பெனி தொறந்தாரு.

ஆளாக்குனது மல்யுத்தம்தான். 1997ல நின்டெண்டோ 64 பெட்டிக்கு டபிள்யூசிடபிள்யூன்னு ஒரு மல்யுத்தக் கம்பெனிக்க கேம்மு, ஜப்பான்ல ஆக்கின்னு ஒரு ஸ்டூடியோ செஞ்சு குடுத்தது, அது பிச்சிக்கிட்டு போச்சு. 1999ல அதவிட பெரிய டபிள்யூடபிள்யூஎப் (இப்போ டபிள்யூடபிள்யூஈ) லைசன்ஸு அக்லெய்ம்னு ஒரு கேம் கம்பெனி கையிலேந்து இவனுவளுக்கு வந்தது. அக்லெய்ம்தான் ப்ரீட்மேனுக்க பழைய எல்ஜேஎன்ன 1990ல வாங்கி வச்சிருந்தது, அந்த அக்லெய்ம் 2004ல திவாலாயி கெடந்துது. இவனுவளுக்கு ஆக்கி நோ மெர்சி செஞ்சு குடுத்துது, யூக்ஸ் ஸ்மாக்டவுன் செஞ்சு குடுத்துது, நிக்கலோடியன் பொம்ம கேம்மு ஒரு பக்கம், பிக்சார் படத்துக்க கேம்மு ஒரு பக்கம், பைண்டிங் நீமோ, கார்ஸ், எல்லாம். 2007 மார்ச்சுல முடிஞ்ச கணக்கு வருசத்துல 100 கோடி டாலருக்கு மேல வித்தானுவ. அடுத்து ரெண்டே வருசம், 43 கோடி டாலர் நட்டம். 2012 டிசம்பர் 19 திவால் மனு. 2013 சனவரியில துண்டு துண்டா ஏலம்.

இப்பிடி ஒரு கம்பெனி எப்பிடி விழும்? எனக்கொரு கருத்து இருக்கு, ஆனா மொதல்ல நீங்க சொல்லுங்க.


செங்கோட்டை_மேம்பாலம்:

அண்ணாச்சி நீங்க எலிமினேஷன் சேம்பர, அந்த கூண்டுச் சண்டைய சொல்லவே இல்லயே. அது மொத மொதல்ல வந்தது ஹியர் கம்ஸ் த பெயின்லதான். நாங்க புனலூர்ல மாமா வீட்டுக்கு லீவுக்கு போவோம், அங்க ஒரு கடையில ரெண்டு பேரு வெளையாட, எட்டு பேரு பின்னால நின்னு அடுத்த கூண்டு யாரு தொறக்கும்னு காச கட்டுவோம். இவங்க ஏன் மூடினாங்கன்னு கேட்டா எனக்கு தெரிஞ்சது ஒண்ணுதான், அந்த வரையிற பலக. யூடிரா.


கொழிஞ்சாம்பாறை_காளை:

ஆமாங்க, பலகைதானுங்க. இதுல பெருசா யோசிக்கறதுக்கு என்ன இருக்குது. நான் பாலக்காட்டுல எலக்ட்ரானிக்ஸ் கடை வச்சிருக்கறவன், சரக்கு தேங்குனா என்ன ஆகும்னு எனக்கு தெரியுமுங்க.

2010 நவம்பர்ல நின்டெண்டோவோட வீ கேம் பெட்டிக்கு இந்த யூடிரா பலகைய விட்டாங்க, வீ ரிமோட்ட அதுக்குள்ள சொருகி, பேனாவால பலகை மேல வரைஞ்சா டிவியில வரும், கொழந்தைங்க வச்சிருக்கற வீடுகள்ல நல்லா போச்சு, பத்து லட்சத்துக்கு மேல வித்துது. அந்த ஜோர்ல அடுத்த வருசம் அதே நவம்பர்ல பிஎஸ்3க்கும் எக்ஸ்பாக்ஸ் 360க்கும் விட்டாங்க, வில 80 டாலர். அங்கதானுங்க தப்பு. வீ வச்சிருக்கறவன் வேற, 360 வச்சிருக்கறவன் வேற. 360 வாங்குனவன் காலேஜ் பையன், துப்பாக்கி கேம்முக்காக வாங்குனவன், அவனுக்கு பொம்ம வரையறதுக்கு பலகை எதுக்குங்க. அதுக்கும் மேல 2010லயே ஐபேட் வந்திருச்சு, கொழந்தைக்கு வரையத்தான் வேணும்னா அப்பன் ஐபேட்ட கையில குடுத்துருவான்.

தீவாளி மாதிரி அவங்களுக்கு அந்த கிறிஸ்துமஸ் சீசன். சீசன் முடிஞ்சு எண்ணிப் பாத்தா 14 லட்சம் பலகை விக்காம கெடக்குது. எதிர்பாத்த வரவுல 10 கோடி டாலர் கொறஞ்சு போச்சு. அண்ணாச்சி, கேம் டிஸ்க்குன்னா பரவாயில்லீங்க, பத்து லட்சம் போகும்னு நெனச்சு மூணு லட்சந்தான் போச்சுன்னா மிச்சத்த அச்சடிக்காம நிறுத்திக்கலாம், ஒரு டிஸ்க்குக்கு ஆகற செலவும் கம்மி. பலகைங்கறது பிளாஸ்டிக்கு, சர்க்யூட்டு, பேட்டரி, டப்பா, கப்பல் வாடகை, எல்லாம் முன்னாலயே காசு குடுத்து செஞ்சு கொண்டுவந்து குடோன்ல அடுக்கி வெக்கணும். அதுல மாட்டுனா எந்திரிக்கவே முடியாது. 2012 சனவரியில நாஸ்டாக் பங்குச் சந்தையிலருந்து நோட்டீஸ், பங்கு ஒரு டாலருக்கு கீழ போயிருச்சு நிமித்துங்கன்னு. ஒரு காலத்துல 30 டாலருக்கு மேல இருந்த பங்குங்க அது.

அந்த சாமான நான் கையில தொட்டிருக்கறேன். கஸ்டமர் ஒருத்தரு கல்பு போயிட்டு வந்தப்ப கொண்டாந்தாரு, பிஎஸ்3க்கு, அங்க தள்ளுபடியில கொட்டி வச்சிருந்தாங்களாம். கருப்புப் பலகை, மேல் பக்கம் பட்டன், கூட வரையிற டிஸ்க் ஒண்ணு. புள்ளைங்களுக்கு ஒரு வாரம் விளையாட்டு, அப்பறம் போட வேற டிஸ்க்கு இல்ல. எங்கிட்ட எடுத்துக்கறீங்களான்னு கேட்டாரு. நான் எடுக்கலீங்க.


குழித்துறை_பாலம்:

காளை அண்ணே நீங்க சொன்ன கணக்கு சரி, அத நான் மறுக்கல. ஆனா 43 கோடி டாலர் நட்டம் வந்துது 2009 மார்ச்சுல முடிஞ்ச வருசத்துல, அண்ணைக்கு பலகையே பெறக்கல. பலக ஒரு காத்து, அவ்வளவுதான். வேரு முன்னாலயே அளிஞ்சு போயிருந்துது, காத்து தள்ளிவிட்டுது.

எனக்க கருத்து இதுதான். டிஎச்க்யூ பாட்டத்துக்கு எடுத்த ரப்பர் தோட்டத்துல வாழ்ந்த கம்பெனி.

எங்க பக்கத்துல பாட்டம்னா எல்லாருக்கும் தெரியும், மத்தவங்களுக்காவ சொல்லுதேன். மரம் ஒருத்தனுக்க, வெட்டுக்கு நாம எடுப்போம், வருசத்துக்கு இவ்வளவுன்னு மொத்தமா முன்கூட்டியே குடுக்கணும், பாலு வந்தாலும் வராட்டாலும் வெல ஏறுனாலும் எறங்குனாலும். நல்ல வெல இருக்கும்போ நம்மள பாத்தா மொதலாளி மாதிரி இருக்கும், வீட்டு முத்தத்துல ஷீட்டு காயும், பைக்கு நிக்கும். பாட்டம் முடிஞ்ச அண்ணைக்கு நம்ம கையில இருக்கது கத்தியும் செரட்டையும் மட்டும். கேம் லைசன்ஸும் அச்சு அசலா அப்பிடித்தான், படக் கம்பெனிக்கு குறஞ்சது இவ்வளவு தந்தே ஆவணும்னு முன்பணம், விக்குததுல பங்கு வேற, படம் ரிலீசு ஆவுத அண்ணைக்கு கேம்மும் கடையில இருக்கணும், கேம்மு வேவலன்னாலும் எறக்கியே ஆவணும். நல்லா போனா மரத்துக்காரன் அடுத்த தடவ பாட்டத்த கூட்டுவான், இல்லன்னா வேற ஆளுக்கு குடுப்பான்.

டபிள்யூடபிள்யூஈ என்ன செஞ்சுது? 2004ல இவனுவ மேலயும் ஜாக்ஸ் மேலயும் கேசு போட்டுது, அஞ்சு வருசம் இழுத்து 2009 கடசியிலதான் தீந்துது. தன்னைத் தூக்கி விட்ட மரத்துக்க சொந்தக்காரனோடயே கோர்ட்டுல நிக்க வேண்டி வந்துது. பிக்சார் நீமோ மாதிரி எப்பவும் ஓடுமா? சின்னப் புள்ளைய கேம்மு எல்லாம் வீ, டிஎஸ் மாதிரி கேம் பெட்டிலேந்து போனுக்கு போச்சு, அம்மா கையில இருக்க போன்ல சும்மா கெடைக்குது, 40 டாலர் குடுத்து யாரு வாங்குவா. 2012 தொடக்கத்துல இனிமே கொழந்தைய லைசன்ஸ் கேம்மே வேண்டாம்னு அவனுவளே நிறுத்திட்டானுவ. எந்த கத்தியால வெட்டுனானோ அந்த கத்தியவே கீழ வச்சுட்டான்.


நகரி_தறி:

நான் நகரி. ஆந்திரா பக்கம், திருத்தணியிலந்து பஸ் ஏறினா வந்துருலாம். எங்க வீட்ல தறி, ரெண்டு தலமுறையா பவர்லூம். குழித்துறை அண்ணன் பாட்டம்னு சொன்னது நல்லா பிடிபட்டுச்சு, ஆனா எனக்கு இன்னொண்ணு தோணுது, சொல்றேன்.

எங்க ஊர்ல பாதிப் பேரு கூலி நெசவு. பாவு நூலு, ஊடு நூலு எல்லாம் மொதலாளி தருவாரு, டிசைனும் அவரே, நாம நெய்ஞ்சு குடுக்கணும், மீட்டருக்கு இவ்ளோன்னு கூலி. இதுல டிஎச்க்யூ யாருன்னு பாருங்க. டிஎச்க்யூ நெசவாளி இல்லபா, நடுவுல இருக்கறவன். டிசைன் டபிள்யூடபிள்யூஈது, நெய்ஞ்சது ஜப்பான்ல யூக்ஸ். இவன் துட்டு போட்டு, சரக்க வாங்கி, டப்பாவுல போட்டு, கடைக்கு அனுப்பறவன். அந்த வேலைய நான் கொறச்சு பேசல, எங்க அப்பா சொல்லுவாரு மாஸ்டர் வீவர் இல்லன்னா தறி நின்னுடும்னு, நூலுக்கு துட்டு யாரு போடறது. ஆனா இவன் கிட்ட தறி இல்லன்னு ஒரு நாள் அவனுக்கே உறைச்சுது, அப்பதான் தறிய, அதாவது கேம் செய்யற ஸ்டூடியோவ வாங்க ஆரம்பிச்சான். 2000ல வோலிஷன், 2004ல ரெலிக், 2006ல விஜில். அதுல வந்தது பாருங்க, ரெட் பேக்‌ஷன், கம்பெனி ஆப் ஹீரோஸ், செயின்ட்ஸ் ரோ, டார்க்சைடர்ஸ். இதெல்லாம் சொந்த நெசவு. கம்பெனி ஆப் ஹீரோஸ் நான் இன்னிக்கும் வெளயாடறேன், பாலத்த ஒடைக்கறது, டாங்கிய ஒதுக்கமா நிறுத்தி வெக்கறது எல்லாம் 2006லயே இவ்ளோ நுணுக்கமா செஞ்சு வச்சிருக்கான்னு ஒவ்வொரு தடவையும் அசந்து போவேன்.

அதனால டிஎச்க்யூவுக்கு சொந்தமா ஒண்ணும் இல்லன்னு சொல்றத நான் ஏத்துக்க மாட்டேன். இருந்துச்சு. நல்லாவே இருந்துச்சு.


குழித்துறை_பாலம்:

தறி தம்பி, நீரு சொன்னது ரெம்ப சரி, நான் அத விட்டுட்டேன். சொந்த மரம் நட்டானுவதான். ஆனா ரப்பர் நட்டா ஏழு வருசம் கழிச்சுதான் கத்தி வைக்க முடியும். வோலிஷன 2000ல வாங்குனான், செயின்ட்ஸ் ரோ வந்தது 2006ல. அத ஆளு பெருசா பேசுனது மூணாம் பாகத்துக்குத்தான், 2011 நவம்பர், 30 லட்சத்துக்கு மேல போச்சு. அதே மாசம்தான் பலகையும் எறங்குது! ஒரு கையில சொந்த மரம் மொதல் மொதல்ல பாலு ஒழுக்குது, மத்த கையில குடோன் நெறய பிளாஸ்டிக்கு. இத படிச்சப்போ எனக்கு மனசு ஒரு மாதிரி ஆயிட்டுது, நான் பொய் சொல்லல.


டெக்னோபார்க்_பஸ்:

அண்ணே நான் பாறசாலைக்கு இந்தப் பக்கம், தெனமும் பார்டர் தாண்டி திருவனந்தபுரம் போயி வேல பாக்குறேன். ஒன்பது வருசமா கேம் ஆர்ட், வெளிநாட்டு கேம்களுக்கு சுவரு, பீரோ, மரம், கல்லு, துப்பாக்கி மாதிரி மாடல் செஞ்சு குடுக்குற வேல. நீங்க எல்லாரும் பேசுறது மொதலாளி பக்கம், யாரு வித்தான் யாரு வாங்குனான்னு. செஞ்சவங்க பக்கம் ஒண்ணு சொல்லட்டுமா.

ஹோம்பிரண்ட்னு ஒரு கேம், நியூயார்க்குல கேயாஸ் ஸ்டூடியோ செஞ்சது, 2011 மார்ச்சுல வந்துது. டிஎச்க்யூ அத கால் ஆப் டூட்டிக்கு நேரா நிறுத்தணும்னு விளம்பரத்துக்கு கொட்டுனாங்க. வந்த அன்னைக்கு விமர்சன மார்க்கு கொஞ்சம் கொறஞ்சுது, அன்னைக்கே பங்கு அஞ்சுல ஒரு பங்கு விழுந்துது. கேம் ஒண்ணும் விக்காம போகல, மொத நாளே மூணே முக்கால் லட்சம் போச்சு. ஆனாலும் ஜூன்ல கேயாஸ மூடிட்டாங்க. மூணு மாசம்ணே. ஒரு கேம் முடியிற கடைசி ஆறு மாசம் எப்படி இருக்கும்னு எனக்குத் தெரியும், ராத்திரி பதினொண்ணுக்கு கடைசி பஸ்ஸ விட்டுட்டு தம்பானூர்ல உக்காந்திருப்பேன், அம்மா போன் பண்ணிக்கிட்டே இருப்பாங்க. மொத வேல பாத்த எடத்துல ஒரு ப்ராஜெக்ட் திடீர்னு நின்னு போச்சு, வெளிநாட்டுக்காரன் மெயில் அனுப்பிட்டான், எங்க டீம்ல 14 பேர மீட்டிங் ரூமுக்கு கூப்பிட்டாங்க, திரும்பி வந்து கம்ப்யூட்டர தொட்டா பாஸ்வேர்டு வேல செய்யல. நான் செஞ்சு வச்ச ஒரு பழைய கெணறு, பாசி படிஞ்ச கல்லு ஒவ்வொண்ணா வச்சு மூணு வாரம் செஞ்சது, அந்த கேம் வரவே இல்ல, அந்த கெணத்த யாரும் பாக்கவே போறதில்ல.

அதனால விஜில் கதைய படிச்சப்ப அழுதுட்டேன். டார்க்சைடர்ஸ் செஞ்சவங்க, டெக்சாஸ் ஆஸ்டின். ஏலத்துல மத்த பெரிய ஸ்டூடியோவுக்கெல்லாம் ஆள் வந்துது, விஜிலுக்கு ஒருத்தன் கூட கை தூக்கல. அவங்க அப்ப பாதியில ஒரு புது கேம் வச்சிருந்தாங்க. யாரும் எடுக்கலன்னா கம்பெனியோட அதுவும் போச்சு. அப்புறம் கிரைடெக்னு இன்னொரு கேம் கம்பெனிக்காரங்க வந்து கொஞ்சப் பேர வேலைக்கு எடுத்தாங்க, அவங்களே பின்னாடி கன்பயர்னு ஒரு ஸ்டூடியோ தொடங்கி ரெம்னன்ட்னு கேம் செஞ்சாங்க. அவ்ளோ தெறம இருந்தவங்கள அன்னைக்கு ஒரு ரூபாய்க்கும் கேக்க ஆளில்ல.

இன்னொண்ணு, பார்டர்காரங்களுக்கு இது பிடிக்கும். மெட்ரோ கேம் செஞ்ச 4ஏ ஸ்டூடியோ உக்ரைன்ல கீவ் நகரத்துல இருந்துது. டிஎச்க்யூவுல கடைசி காலத்துல பேரலுக்கு அடுத்தபடியா பிரசிடெண்டா வந்த ஜேசன் ரூபின் 2013 மே மாசம் இத எழுதுனாரு. அவங்க மடக்கு நாற்காலியில முழங்கைக்கு முழங்கை இடிச்சுக்கிட்டு உக்காந்து வேல பாத்தாங்களாம். அடிக்கடி கரண்ட் போகுமாம், குளுருக்கு ஹீட்டரும் நிக்குமாம். கன்சோலுக்கு கேம் செய்யத் தனியா ஒரு மெஷின் வேணும், அதையோ நல்ல கம்ப்யூட்டரையோ பார்சல்ல அனுப்புனா சுங்கத்துல பிடுங்கிருவாங்கன்னு ஆளே அமெரிக்காவுக்கு போயி முதுகுப் பையில வச்சு கொண்டு வருவாராம். நம்ம களியக்காவிளை செக்போஸ்டுல கோழி லாரிக்காரங்க, மணல் லாரிக்காரங்க படுற பாட்ட பாத்து வளந்த எனக்கு அத படிச்ச ஒடனே அந்த ஆளோட நெஞ்சுத் துடிப்பே கேட்டுச்சு. அப்படிக் கஷ்டப்பட்டு மெட்ரோ லாஸ்ட் லைட்ட முடிச்சாங்க. அது வர்றதுக்குள்ள டிஎச்க்யூவே இல்ல.


செங்கோட்டை_மேம்பாலம்:

அக்கா அந்த கெணறு படம் உங்ககிட்ட இருக்கா? பாக்கணும் போல இருக்கு.


டெக்னோபார்க்_பஸ்:

இல்ல தம்பி, வெளிய கொண்டு போகக் கூடாதுன்னு கையெழுத்து வாங்கியிருந்தாங்க. மனசுல இருக்கு.


கொழிஞ்சாம்பாறை_காளை:

அம்மிணி எழுதுனத ரெண்டு தடவ படிச்சேன். நான் கடைக்காரன், சரக்காத்தான் பாத்துட்டேன், மன்னிக்கோணும்.

அந்த ஏலத்தப் பத்தியும் சொல்லிப்போடறேன். மொதல்ல கிளியர்லேக்னு ஒரு முதலீட்டுக் கம்பெனி மொத்தத்தையும் சுமார் 6 கோடி டாலருக்கு எடுத்துக்கறேன்னு வந்துச்சு. கடன் குடுத்தவங்க விடலீங்க. ஒட்டுக்கா வித்தா வெல கம்மி, பிரிச்சு வித்தா கூட வரும்னு டெலவேர் கோர்ட்டுல நின்னாங்க. பிரிச்சே வித்தாங்க. வாங்குனது எல்லாம் மத்த கேம் கம்பெனிங்க, ரெலிக்க சேகா 2 கோடி 66 லட்சம் டாலருக்கு எடுத்துச்சு. வோலிஷன கோக் மீடியா 2 கோடி 23 லட்சத்துக்கு, மெட்ரோவையும் அவங்களே. சவுத் பார்க் கேம்மயும் மாண்ட்ரியல் ஸ்டூடியோவையும் யூபிசாப்ட். எவால்வ்ங்கற கேம் டேக்-டூவுக்கு ஒரு கோடி சொச்சம். எல்லாத்தையும் கூட்டுனா 7 கோடி டாலருக்கு கொஞ்சம் மேல வருது. கடன்காரங்க கணக்கு சரியாத்தான் வந்துச்சு, மொத்தமா குடுத்திருந்தா கம்மிதான். ஆனா மொத்தமா போயிருந்தா விஜிலும் அதுக்குள்ள இருந்திருக்குமுங்க.

மல்யுத்தம்? ஏலத்துலயே வரலீங்க. லைசன்ஸ் டபிள்யூடபிள்யூஈயோடது, அது நேரா டேக்-டூ கிட்ட போயிருச்சு. குழித்துறை அண்ணாச்சி சொன்ன பாட்டம் இங்கதான் எனக்கு புரிஞ்சுது. இத்தன வருசம் வெட்டுன மரம், கடன்காரனுக்கு குடுக்கக் கூட ஒரு எல இல்ல. நான் பலகைன்னு சொன்னது பாதிதானுங்க.


பாறசாலை_2005:

எல்லாம் படிச்சேன் சேட்டன்மாரே. ஒரு டவுட்டு. நான் போன வருசம் டார்க்சைடர்ஸ் மூணு வெளையாடினேன், அதில் டிஎச்க்யூ நார்டிக்ன்னு வந்துதே. கம்பெனி செத்ததுன்னா அது யாரு?


நகரி_தறி:

தம்பி அது பேரு மட்டும். ஏலத்துல மிச்சம் கெடந்தத, டார்க்சைடர்ஸ், ரெட் பேக்‌ஷன், எம்எக்ஸ் பைக்கு கேம் எல்லாம் சேத்து, 2013 ஏப்ரல்ல நார்டிக் கேம்ஸ்னு ஒரு கம்பெனி 49 லட்சம் டாலருக்கு எடுத்துச்சு. அதுக்கு அடுத்த வருசம் டிஎச்க்யூங்கற பேரயே வாங்கி, 2016ல தன் பேரையே டிஎச்க்யூ நார்டிக்னு மாத்திக்கிச்சு. ஸ்வீடன்ல கார்ல்ஸ்டாட்னு ஒரு ஊரு, லார்ஸ் விங்கபோர்ஸ்னு ஒருத்தர், அவருதான் அப்ப மேல இருந்தாரு. 2018ல கோக் மீடியாவையும் வாங்குனாரு, அப்ப ஏலத்துல பிரிஞ்ச வோலிஷனும் மெட்ரோவும் பழைய பேருக்கு கீழயே திரும்பி வந்து சேந்துச்சு. எனக்கு அப்ப அவ்ளோ சந்தோசம், பிரிஞ்சு போன அண்ணன் தம்பிங்க ஒரே வீட்டுக்கு வந்த மாதிரி.

2019ல தாய்க் கம்பெனி பேரு எம்பிரேசர்னு ஆச்சு. அப்புறம் வாங்கினாரு வாங்கினாரு அப்படி வாங்கினாரு, கியர்பாக்ஸ், கிரிஸ்டல் டைனமிக்ஸ், அட்டை விளையாட்டு செய்யற அஸ்மோடீ, எத்தன ஸ்டூடியோன்னு எண்ணவே முடியாது. எல்லாம் கடன் வட்டி கொறச்சலா இருந்த காலம். 2023 மே மாசம் 200 கோடி டாலருக்கு வரவேண்டிய ஒரு ஒப்பந்தம் கைவிட்டுப் போச்சு, அன்னியிலந்து வெட்ட ஆரம்பிச்சாரு. 2023 ஆகஸ்ட் 31, வோலிஷன மூடிட்டாங்க. 1996லந்து இருந்த ஸ்டூடியோ. டிஎச்க்யூ திவாலானப்ப கூட பொழச்சு வந்தது அது, அதே பேர வாங்கினவன் கையில செத்துச்சு.

எங்க தெருவுல ஒருத்தர் 12 தறி வச்சிருந்தாரு, பேங்க்ல கடன் எடுத்து 40 ஆக்கினாரு, நூல் வெல ஏறினப்ப மொதல்ல வித்தது பழைய 12 தறியத்தான். அது நெய்யறதுக்கு பழகின தறி, நல்ல வெல வருமாம்.


டெக்னோபார்க்_பஸ்:

செயின்ட்ஸ் ரோவ 2022ல புதுசா எடுத்தாங்க, அது சரியாப் போகலன்னு எல்லாரும் வோலிஷன திட்டுனாங்க. நானும் வெளையாண்டேன், குறை இருக்கு. ஆனா அந்த ஊரோட மண்ணு நெறம், சாயங்கால வெயில் சுவத்துல படுறது, அத செஞ்சவங்க கை தெரியுது எனக்கு. திட்டுறவங்க அதையும் ஒரு தடவ நின்னு பாத்திருக்கலாம்.


குழித்துறை_பாலம்:

மக்களே ரெண்டு நாளா கடைய பூட்டிட்டு வந்து இதத்தான் படிக்கேன், வீட்டுல கேக்காவ என்ன போனையே பாத்துட்டு இருக்கியன்னு. காளை அண்ணே நீங்க பலகைன்னதும் நான் வேருன்னதும் ரெண்டும் உண்டு. டெக்னோபார்க் தங்கச்சி சொன்னத நான் யோசிச்சதே இல்ல. ஆறு வருசம் டிஸ்க்க தேச்சு ஓட்டுனேன், அத செஞ்சவன் ஒரு ஆளுன்னு, அவனுக்கும் ஒரு கடசி பஸ்ஸு உண்டுன்னு ஒரு நாளும் நெனச்சதில்ல.

நேத்து ராத்திரி பிஎஸ்2வ எடுத்து தூசி தட்டி போட்டு பாத்தேன், ஓடுது, அண்டர்டேக்கர் வரும்போ நின்னுது, எடுத்து தேச்சேன், ஓடிச்சு. மெமரி கார்டுல பயலுவ உண்டாக்குன ஆளுவ எல்லாம் அப்பிடியே இருக்கு. விஜயகாந்த் மாதிரி செவப்புக் கண்ணு வச்சு ஒருத்தன், சிவப்பு லுங்கி நெறத்துல ஜட்டி போட்டு ஒருத்தன், காப்பிக்காடு புலின்னு இங்கிலீஷ்ல ஒரு பேரு. அந்தப் புலி யாரு உண்டாக்குனதுன்னு எனக்கு ஓர்ம இல்ல. எல்லா சண்டையிலயும் ஜெயிச்ச பெல்ட்டு அவன் இடுப்புலதான் கெடக்கு.

இத படிக்கவன் யாராவது அந்தப் பயலா இருந்தா ஒரு வரி எழுதுங்க.


செங்கோட்டை_மேம்பாலம்:

அண்ணாச்சி அந்த கார்டுல இருக்கத ஒரு பென்டிரைவ்ல ஏத்தி வைங்க, பழைய கார்டு எப்போ போகும்னு சொல்ல முடியாது. அதுக்கு ஒரு அடாப்டர் வரும், எங்கிட்ட ஒண்ணு இருக்கு. புனலூர் போற வழி இல்ல, ஆனா அடுத்த வாரம் நாகர்கோவில்ல ஒரு கல்யாணம் இருக்கு, கொண்டு வந்து தாரேன்.


குழித்துறை_பாலம்:

வாரும் தம்பி. வடசேரி பஸ் ஸ்டாண்டுல எறங்கி மார்த்தாண்டம் வண்டி ஏறும், ஒரு மணிக்கூறுல வந்துரலாம். சாயாவும் பழம்பொரியும் எனக்க செலவு, டிவி இன்னும் அதே பழைய பெட்டி டிவிதான்.